இருநூற்றுப் பதினான்கு முட்டைகள்

பிப்ரவரி 3, திங்கள்

காலை ஏழு மணி. பட்டாம்பூச்சிகளின் கண்ணாடிக் கூடத்தில் வெப்பம் 26, ஈரப்பதம் 81. வடக்கு மூலையில் பனித்தூறல் குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது. ஊசி விட்டுக் குத்தினேன். சுண்ணாம்பு. வடிகட்டி கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று. நான்காவதும் போடுவேன்.

நான் பொருத்திய கேமரா கொடிகளில் எண்ணிய முட்டை 206. மச்சான் கையால் எண்ணியது 31.

ஒரே கொடிகள், ஒரே காலை. அக்காவின் கணவர், எனக்கு இந்த வேலையைக் காட்டியவரும் அவர்தான் என்பதால் முதல் முறை மரியாதையாகத்தான் கேட்டேன். இரண்டாவது முறை கூடத்தின் பொறுப்பாளர் மேடமும் டிக்கெட் கொடுக்கிற அம்மாவும் பக்கத்தில் நிற்கும்போது, "மச்சான், கண் டாக்டரப் பாத்து எத்தன வருஷமாச்சு?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பூதக்கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "உன் கேமராவுக்குக் கண்ணு கொஞ்சம் ஜாஸ்தி மாப்ள" என்றார்.

எட்டு ஒன்பது வித்தியாசம் என்றால் பார்வைக் கோளாறு. நூற்று எழுபத்தைந்து வித்தியாசம் என்றால் மனுஷன் பாதிக் கொடியைப் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 5, புதன்

வாசல் பலகைக்குத் தபால்காரனைப் பற்றி நாலு வரி கேட்டார் மேடம். நாலு வரியில் அடங்கவில்லை. இங்கே கொட்டிவிட்டு அங்கே நறுக்கிக்கொள்கிறேன்.

மழைக்காட்டுப் பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கை, முன்னிறக்கையில் சிவப்புப் பட்டை. தினமும் ஒரே பூக்களுக்கு ஒரே வரிசையில் போகும், அதனால் தபால்காரன். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஏழு நாற்பதுக்குக் குளத்தோர உண்ணிச்செடி, ஐந்து நிமிடத்தில் படிக்கட்டுப் பக்கம், அப்புறம் பாலத்துக்கு மேலே. எங்கள் தெருத் தபால்காரருக்கு இந்த ஒழுங்கு கிடையாது.

மற்ற பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவை தேனைக் குடித்துவிட்டு இரண்டு மூன்று வாரத்தில் கதையை முடித்துக்கொள்ளும். இது மகரந்தமும் சாப்பிடும். மெல்லுவதற்குப் பல் ஏது? உறிஞ்சுகுழலின்மேல் மஞ்சள் உருண்டையாகச் சேர்த்து, எச்சில் விட்டு ஊறவைத்து, குழலைச் சுருட்டியும் நீட்டியும் மணிக்கணக்கில் பிசைந்து, இறங்குகிற சத்தைக் குடிக்கும். அந்தச் சத்தில்தான் ஐந்தாறு மாதம் வாழ்கிறது, அத்தனை நாளும் முட்டையிடுகிறது. பொழுது சாய்ந்ததும் எல்லாம் ஒரே காய்ந்த குச்சியில் வந்து தொங்கும். நேற்றுத் தொங்கிய அதே குச்சியில்.

புழுவுக்குப் பேஷன் பழக்கொடியின் இலை மட்டும்தான் ஆகாரம். அந்த இலை விஷம். தின்ற புழுவும் கசக்கும், அதிலிருந்து வருகிற பூச்சியும் கசக்கும். ஒருமுறை கொத்திய பறவை மறுபடி வராது. இன்னொன்று: முதலில் பொரித்த புழு பக்கத்தில் முட்டை இருந்தால் தின்றுவிடும். கூடப்பிறந்ததா என்றெல்லாம் பார்க்காது. அதனால் தாய், ஏற்கெனவே முட்டை இருக்கிற கொழுந்தை விட்டுவிட்டு வேறு கொழுந்து தேடும்.

மேடம் படித்துவிட்டு அந்தக் கூடப்பிறந்த விஷயத்தை மட்டும் அடித்தார். "ஸ்கூல் பிள்ளைங்க வருவாங்கப்பா. அண்ணன் தம்பி அங்கேயே ஆரம்பிச்சிடுவாங்க."

பிப்ரவரி 7, வெள்ளி

வெளியிலிருந்து கூட்டுப்புழு வரவழைக்கிற அனுமதி போன வருடத்தோடு போய்விட்டது. கையில் இருப்பது 61 தபால்காரன். இவற்றுக்கு வாரிசு வந்தால் உண்டு. வராவிட்டால் இந்தக் கூடத்தில் இந்த இனம் அவ்வளவுதான். அதனால்தான் முட்டைக் கணக்கு. அதனால்தான் என்னை எடுத்தார்கள்: கருவிப் படிப்பு படித்தவன் வேண்டும், தினமும் பிசகில்லாத எண் வேண்டும். மார்ச் முடிந்தால் வேலை நிரந்தரம்.

முந்தைய பேஷன் கொடி புதர். இலைமேல் இலை. கேமராவுக்குப் பாதி தெரியாது. ஜனவரி பத்தாம் தேதி அதை வெட்டி எடுத்துவிட்டு, இலை தள்ளித் தள்ளி விடுகிற வேறு வகைப் பேஷன் கொடி போடவைத்தேன். மச்சான் அன்றே முனகினார். "கொடி பூச்சிக்குப் பிடிக்கணும் மாப்ள. கேமராவுக்குப் பிடிச்சு என்ன பண்றது?" புழு இந்த இலையையும் தின்கிறது என்று பெட்டியில் விட்டுக் காட்டினேன். தின்றது. அதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

கொடி மாற்றியதும் எண்ணிக்கை ஐந்து மடங்கு. கேமராவுக்கு இப்போது இலை தெரிகிறது, அதுதான் காரணம்.

பிப்ரவரி 10, திங்கள்

கூட்டம். மேடம் இரண்டு எண்களையும் பலகையில் எழுதினார். "எத நம்புறது?"

மச்சான் சொன்னார்: "இருநூறு முட்டைக்கு இந்நேரம் புழு இலையெல்லாம் மொட்டையடிச்சிருக்கணும். கொடி தளதளன்னு நிக்குது."

நான் சொன்னேன்: "பொரியலன்னா அது வேற பிரச்சனை. எண்ணிக்கை தப்புன்னு ஆகாது."

தர்க்கம் சரிதானே? இப்போது படித்தாலும் சரியாகத்தான் இருக்கிறது. அவர் குரல் உயர்ந்தது, நானும் உயர்த்தினேன். "நாளெல்லாம் லென்ஸும் கையுமா நின்னு முப்பத்தொண்ணு கொண்டுவர்றதுக்கு ஒரு ஆள் எதுக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மச்சானை வெளிவாசல் கண்ணாடி அறைக்கு மாற்றிவிட்டார்கள். பார்வையாளர்கள் வெளியே போகும்போது தோளிலோ பையிலோ பூச்சி ஒட்டிக்கொண்டு போகிறதா என்று பார்க்கிற இடம். "திரும்புங்க. கைய விரிங்க. சரி, போலாம்." பதினோரு வருடம் புழு வளர்த்தவர்.

கொடிகளும் புழுக்களும் இனி என் பொறுப்பு. நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, சனி

வீட்டில் பேச்சில்லை. அக்கா தட்டை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஊமக்கோட்டான் மாதிரி உக்காந்திருந்தா நான் சுவத்தோடயா பேசுறது? சுவரே, இன்னிக்கு மருந்துக்கடையில என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று சுவருக்குத் தன் வேலைக் கதையைச் சொன்னாள். மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டார். என்னைப் பார்த்ததும் அதுவும் நின்றது.

பிப்ரவரி 19, புதன்

முட்டை 209. புழு ஆறு.

ஆறு. நான்கு நாளில் பொரிய வேண்டியவை. வெப்பம் சரி. ஈரப்பதம் சரி. எறும்பாக இருக்குமோ? கொடியில் எறும்பு நடமாட்டம் அதிகம். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். முட்டைக்கு வருகிறது, நக்குகிறது, போகிறது. தின்னவில்லை. முட்டையை நக்குகிற எறும்பை இப்போதுதான் பார்க்கிறேன். கொடி ஏறுகிற தூணைச் சுற்றிப் பசைநாடா ஒட்டினேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மேடம் உற்சாகமாக இருந்தார். வேறொரு நகரத்தில் புதிதாகப் பட்டாம்பூச்சிக் கூடம் திறக்கிறார்களாம். நம்மிடமிருந்து முப்பத்தைந்து தபால்காரன் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மார்ச் 20 வண்டி வரும். "இருநூறு முட்டை இருக்கே, தாராளமாக் குடுக்கலாம்ல?"

"குடுக்கலாம் மேடம்."

நான்தான் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. புழு ஆறு என்பதைச் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேனா?

பிப்ரவரி 27, வியாழன்

பசைநாடாவில் எறும்பு நின்றுவிட்டது. புழு கூடவில்லை.

மார்ச் 1, சனி

முட்டை 214. இதுவரை வந்ததிலேயே அதிகம்.

பொரிக்காமல் காய்கிறதோ என்று ஈரப்பதத்தை 88க்கு ஏற்றினேன். மூச்சு முட்டுகிறது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் எல்லாம் குருடர்கள்போல் தடவிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர் என்னைத் தூண் என்று நினைத்துச் சாய்ந்தார்.

மார்ச் 5, புதன்

உண்ணிப்பூவில் பூசணம். மகரந்தம் கெட்டால் தாய்களும் கெடும். 82க்கு இறக்கினேன். ஈரப்பதம் காரணமில்லை.

பின் எது?

மார்ச் 8, சனி

தூக்கம் வரவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு பூச்சிக்காக.

மேடத்திடம் சொல்லலாமா? என்ன என்று சொல்வது? முட்டை இருக்கிறது, புழு இல்லை, காரணம் தெரியாது. காரணம் தெரியாமல் போய் நிற்பது எனக்கு ஆகாத காரியம். கண்டுபிடித்துவிட்டுச் சொல்கிறேன். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் காய்ந்த குச்சிக்குக் கீழே நின்று எண்ணினேன். 61 இருந்தது 44 ஆகியிருக்கிறது.

எண்ணைவிட இறக்கைகள்தான் மோசம். கந்தல். ஓரமெல்லாம் கிழிந்து, சிவப்பு வெளுத்துப்போய். புத்தம்புதிதாக மூன்று. மீதி எல்லாம் கிழடு. ஐந்தாறு மாதம் வாழ்கிற இனம் என்பதால்தான் கூடம் நிறைந்திருப்பதுபோலத் தெரிந்தது. இரண்டு வாரத்தில் சாகிற இனமாக இருந்தால் பிப்ரவரியிலேயே வெட்டவெளிச்சமாகியிருக்கும். இதுகள் செத்துக் காட்டவில்லை, நானும் பார்க்கவில்லை.

மார்ச் 12, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

மத்தியானம் பழைய படங்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஏன் முதலில் செய்யவில்லை? எண் தினமும் கொஞ்சம் மாறிக்கொண்டே இருந்தது, புதிய இலை வரவர ஏறியது, அதனால் சந்தேகமே வரவில்லை. மூன்றாம் கொடி, கீழிருந்து ஏழாவது இலை: பிப்ரவரி 17 அன்று இரண்டு முட்டை. இன்று அதே இடத்தில் அதே இரண்டு. இருபத்து மூன்று நாள். முட்டை என்றால் நான்கு நாளில் பொரியும், இல்லை கறுத்துச் சுருங்கும். இருபத்து மூன்று நாள் மஞ்சளாக மினுங்கிக்கொண்டு இருக்கிற முட்டை உலகத்தில் கிடையாது.

ஓடிப்போய் இலையைப் பறித்தேன். நகத்தால் தட்டினேன். விழவில்லை. கீறினேன். பச்சையாகச் சாறு வந்தது.

முட்டை இல்ல. இலைதான். இலையிலயே முளைச்ச பரு.

நுண்ணோக்கியில் வைத்தேன். நிஜ முட்டை நெட்டையாக, மேலிருந்து கீழே வரிவரியாக இருக்கும். இது மொழுமொழு என்று இருக்கிறது. நுனியில் இனிப்பு நீர் கசிகிறது. எறும்பு நக்கியது இதை.

படித்துப் பார்த்தேன். புத்தகத்தில் இருக்கிறது, தெளிவாக இருக்கிறது. சில பேஷன் கொடிகள் முட்டை மாதிரியே மஞ்சள் பரு விடும். தபால்காரத் தாய் வந்து பார்க்கும், இங்கே ஏற்கெனவே யாரோ முட்டையிட்டாயிற்று, என் பிள்ளை பிழைக்காது என்று போய்விடும். கொடி தன் இலையைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கிற வேஷம்.

அந்த வேஷத்தைப் பூச்சியும் நம்பியது, நானும் நம்பினேன். பூச்சி நம்பி ஒதுங்கிப் போனது. நான் நம்பி எண்ணிக்கொண்டிருந்தேன். கேமரா நன்றாகப் பார்க்கட்டும் என்று, அவற்றை முட்டையிட விடாத கொடியைத் தேடிப் பிடித்து நட்டவனும் நானே.

ஐந்து கொடியையும் நகம் வைத்துத் தட்டி எண்ணினேன். நிஜ முட்டை ஒன்பது.

மார்ச் 13, வியாழன்

இன்று சொல்லவில்லை. மேடத்துக்கு வெளிவேலை. பிற்பகல் வந்தார், உண்மைதான். அப்போதும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சொல்லவில்லை. 20ஆம் தேதிக்கு இன்னும் ஆறு நாள். தீர்வையும் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று ஒரு யோசனை. யாருக்கு மரியாதை?

நிரந்தரக் கடிதம் மேடத்தின் மேஜையில் இருக்கிறது. கையெழுத்து பாக்கி. டிக்கெட் அம்மா கண்ணடித்துச் சொன்னார்.

வீட்டில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சோற்றைப் பாதியில் ஒதுக்கினேன். "காய்ச்சலா?" என்று அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை என்றேன்.

மார்ச் 15, சனி

வண்டி இன்றைக்கே வந்து நின்றது. ஐந்து நாள் முன்னால். அந்தக் கூடத்தின் திறப்பு விழாவை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். முப்பத்தைந்தையும் காலையிலேயே கொடுங்கள் என்கிறார்கள்.

இறக்கையில் பொடி உதிராமல் பிடிக்கிற கை இங்கே ஒருவருக்குத்தான் உண்டு. மச்சானைக் கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் பிடித்துக் கொடுக்க, நான் இறக்கையை மடக்கி முக்கோணக் காகித உறையில் வைத்து, ஈரத்துணி விரித்த பெட்டியில் அடுக்க வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று. அவர் என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். மேடம் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பத்து. பதினொன்று. எல்லாம் ஆண்.

பன்னிரண்டிலிருந்து பெண்கள். பதினாறு, பதினேழு. கை வேலை செய்தது. தலை, நாற்பத்து நாலில் முப்பத்தைந்து போனால் ஒன்பது, ஒன்பது முட்டை, ஒன்பது கிழடு, என்று ஓடிக்கொண்டே இருந்தது.

பதினெட்டாவதை நீட்டும்போது மச்சான் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு வயிறு கனமா இருக்கு. நசுக்கிடாத."

ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. அந்த வயிற்றை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றேன். அசைகிறது.

"மேடம், நிறுத்துங்க."

"என்னப்பா? வண்டி நிக்குது. அப்புறம் பேசலாம்."

"அப்புறம் பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது மேடம். அந்த இருநூத்துப் பதினாலு முட்டை இல்ல. முட்டை ஒம்பதுதான். மிச்சம் செடியோட பரு."

வண்டி ஓட்டுநர் சிரித்துவிட்டார். "செடிக்குமா சார் பரு வரும்?" யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் மெல்லப் போய் வண்டிக்கதவைத் துடைக்க ஆரம்பித்தார்.

எல்லாம் சொன்னேன். கொடியை மாற்றியது, பரு, தாய்கள் ஏமாந்து போவது. மேடம் போனைக் கீழே இறக்கினார். "எப்பத் தெரியும்?"

"புதன்கிழம."

"இன்னிக்கு சனி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

வாக்கு கொடுத்தாயிற்று என்று ஆண் பதினொன்றை மட்டும் அனுப்பினார். பெண்களை உறை பிரித்து விட்டோம். மச்சான் ஒவ்வொன்றாக இலைமேல் வைத்தார். ஒன்றுக்கு இறக்கை மடங்கிவிட்டது. நான் மடித்தது.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா விஷயம் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "படிச்ச முட்டாள்னு பாட்டில்ல அடைச்சு எங்க கடையில வச்சா நல்லா விக்கும்."

மச்சான் செய்தித்தாளை மடித்தார். "மூணு நாள் எம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துச்சு மச்சான்."

"எனக்கு மட்டும் இல்லயா? இலைப்புள்ளின்னு நான் விட்டதெல்லாம் உன் கேமராவுக்கு முட்டை. கண்ணே போயிடுச்சுன்னு நெனச்சேன். போன மாசம் தனியா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்தேன்."

அக்காவுக்கே தெரியாதாம். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்

நிலவரம்: தபால்காரன் 33. பெண்கள் பத்தொன்பது, எல்லாம் வயதானவை. பழைய வகைக் கொடியை வெட்டிய அன்றே எரித்தாயிற்று. புதிதாகக் கன்று கேட்டால் வந்து வளர இரண்டு மாதம். அதற்குள் இந்தத் தாய்கள் இருக்காது.

கொடியை மாற்ற முடியாது என்றால் பருவை எடுத்துவிட்டால் என்ன? பரு இல்லாத கொழுந்து காலிக் கொழுந்துதானே?

மேடத்திடம் கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமல், "செய்" என்றார்.

நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல். ஒரு மணி நேரத்தில் நாற்பது பரு. நிஜ முட்டை எது என்று ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு நறுக்க வேண்டும். கழுத்து மரத்துப்போனது. நாலு மணிக்குக் கண்ணாடி அறையை மூடிவிட்டு மச்சான் வந்து நின்றார். பத்து நிமிடம் சும்மா பார்த்தார். அப்புறம் கொடியின் மறுபக்கம் போய் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தார். நான் ஒன்று கிள்ளுவதற்குள் அவர் மூன்று.

மார்ச் 18, செவ்வாய்

நான்கு கொடி முடிந்தது. ஐந்தாவதைத் தொட வேண்டாம் என்றேன்.

"ஏன்?"

"ஒண்ண அப்படியே விட்டாத்தான் மச்சான், கிள்ளினதால முட்ட வந்துதா தானா வந்துதான்னு தெரியும்."

"உசுரே ஊசலாடுது, உனக்குப் பரிசோதனை கேக்குதா?"

"ஒரு தடவ தெரியாமயே தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஒண்ணே ஒண்ணு" என்றார்.

மார்ச் 19, புதன்

ஒரு பெண் வந்தது. இரண்டாம் கொடியின் நுனிக்கொழுந்தில் முன்காலால் தட்டித் தட்டிப் பார்த்தது. சுற்றியது. மறுபடி தட்டியது. போய்விட்டது.

ஏன் போச்சு? கிள்ளின இடத்துல சாறு வாசனையா? காயம் ஆறலையா? மொத்தத்தையும் நானே கெடுத்துட்டனா?

மார்ச் 20, வியாழன்

வந்தது இரண்டு. இட்டது ஒன்றுமில்லை.

மார்ச் 21, வெள்ளி

பதினொன்று பத்துக்கு ஒரு பெண், ஓரமெல்லாம் கந்தலானது, முதல் கொடியின் பற்றுக்கம்பியில் உட்கார்ந்து வயிற்றை வளைத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குழந்தை, "அது என்ன பண்ணுது?" என்று கத்தியது. அதன் அப்பா, "உக்காந்திருக்கு" என்றார்.

போனபின் பார்த்தேன். மஞ்சள், நெட்டை, வரிவரியாக. நகத்தால் தொடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

கிள்ளிய நான்கு கொடியில் முட்டை 26. கிள்ளாத கொடியில் 1. மச்சானிடம் காட்டினேன். "இப்ப அஞ்சாவதக் கிள்ளலாமா, இல்ல இன்னும் பரீட்சை பாக்கி இருக்கா?" என்றார். உடனே இருவருமாகக் கிள்ளினோம். நாளைக்குப் புதிய கொழுந்து வரும், அதில் புதிய பரு வரும். இது முடிகிற வேலையல்ல.

தாய்கள் பதினாறுதான் இப்போது. தினமும் காலையில் முதல் வேலையாகக் குச்சிக்குக் கீழே தரையைப் பார்க்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். மச்சான் மறுபடி கொடிக்கு வந்துவிட்டார், நான் அவருக்குக் கீழே. கேமராவைக் கழற்றி வாசலில் மாட்டச் சொன்னார்கள், வருகிறவர்களை எண்ண. முதல் நாளே டிக்கெட் அம்மா கொடுத்த டிக்கெட்டைவிட நாற்பது பேர் கூடுதலாகக் காட்டியது. "எல்லாம் பருவா தம்பி?" என்றார். இதை ஆயுசுக்கும் விடமாட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புழு 22. ஒரே கொழுந்தில் இரண்டு முட்டை இருந்தால் பிரித்துத் தனி இலையில் வைக்கிறோம். நேற்று ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். இன்று காலை ஒரு புழுவும் ஒரு காலி ஓடும்தான் மிச்சம்.

ஏப்ரல் 12, சனி

தாய்கள் ஒன்பது. பயமாகவே இருக்கிறது. புழு கூட்டுப்புழுவாகி, அது பூச்சியாகி, அது இணை சேர்ந்து முட்டையிடும்வரை இந்த ஒன்பதும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பிடித்தால் தேவலை.

ஏப்ரல் 24, வியாழன்

மச்சான் இன்று விடுப்பு. அக்காவைக் கூட்டிக்கொண்டு கண்ணாடி மாற்றப் போயிருக்கிறார். படிப்பதற்கு மட்டும்தானாம், தூரப்பார்வை கழுகு என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

இலை போதவில்லை. முதல் கொடி காம்பும் நரம்புமாக நிற்கிறது. இரண்டாவது இந்த வாரம் தாங்காது. பெரிய புழுக்களைத் தட்டில் ஏந்தி நான்காவதுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது மேடம் போன் செய்தார். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், பத்து மணிக்குள் எண் வேண்டும், முட்டை மொத்தம் எவ்வளவு என்றார்.

"இன்னும் ரெண்டு கொடி பாக்கணும் மேடம்."

"தோராயமாச் சொல்லேன்."

"தோராயமாத் தெரியாது மேடம். மத்தியானம் சொல்றேன்."

"சரி, பாத்துட்டுச் சொல்லு" என்று வைத்தார்.

போனைப் பையில் போட்டுவிட்டு ஐந்தாம் கொடிக்குக் கீழே முட்டி போட்டேன். அடியிலை. இரண்டு பரு, ஒரு முட்டை. அடுத்த இலை.